பழைய மரச்சட்டம், பழைய மெத்தை, பழைய கயிறு: வீட்டிலேயே மெத்தை இருக்கை செய்வது பற்றி

கேள்வி: தக்கலையிலிருந்து ஒரு வாசகர், 4 ஜூன் 2023

அக்கா, தாத்தா வீட்டு மச்சிலிருந்து மூன்று பேர் அமரும் அயனி மரச் சட்டம் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். பிரம்புப் பின்னல் முழுவதும் அறுந்துவிட்டது. மரம் மட்டும் கல் மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஐந்து அங்குல ஃபோம் மெத்தை ஒன்றை வெளியே போட்டார்கள், அதையும் வாங்கி வைத்துவிட்டேன். ப்ளைவுட் பலகையை அளவுக்கு அறுத்துச் சட்டத்தில் அடித்து, மேலே ஃபோமை வெட்டி வைத்து, அம்மாவின் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். குஷன் கடையில் கேட்ட கூலிக்குப் புது சோபாவே வாங்கலாம் போலிருக்கிறது. இதில் ஏதேனும் தவறு உண்டா?

4 ஜூன் 2023, மாலை

தவறு ப்ளைவுட்டில் இருக்கிறது. மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். பலகையை மட்டும் இன்றே அறுத்துவிட வேண்டாம்.

2009-இல் நான் செய்த முதல் இருக்கை நீங்கள் சொல்கிற அதே முறையில்தான் அமைந்தது: ப்ளைவுட், அதன் மேல் யாரோ கழித்த ஃபோம், அதன் மேல் ரெக்சின். மே மாதத்தில் செய்து முடித்தபோது பார்த்தவர்கள் எல்லாரும் கடையில் வாங்கியதா என்று கேட்டார்கள். எங்கள் வீடு ஈத்தாமொழிக்கு அருகில், கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. ஜூனில் மழை தொடங்கி ஆடிச் சாரல் முடிவதற்குள் இருக்கையிலிருந்து ஈரச் சாக்கின் வாடை வரத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தபோது, பலகையும் ஃபோமும் தொட்டுக்கொண்டிருந்த பரப்பு முழுவதும் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. மனித உடம்பின் வெப்பமும் வியர்வையும் ஃபோமுக்குள் இறங்குகின்றன. கீழே காற்றுப் போக வழி இல்லாததால் அந்த ஈரம் பலகையின் மேல் தங்கிவிடுகிறது. வறண்ட ஊர்களில் அது எப்படியோ உலர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற நம் குமரி மாவட்டத்தில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

உங்கள் சட்டத்தில் பிரம்பு பின்னியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்த ஆசாரி, அடிப்பக்கம் காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்பதை அறிந்தே செய்திருக்கிறார். அந்தத் திறந்த அடியை அப்படியே காப்பாற்றுங்கள். பிரம்பின் இடத்தில் பழைய லாரி டியூப் பட்டைகளைப் பின்னலாம்.

4 ஜூன் 2023, இரவு

டியூப் பட்டை பற்றி உடனே கேட்டிருக்கிறீர்கள், எழுதிவிடுகிறேன். பஞ்சர் கடைகளில் இனி ஒட்டிப் பயனில்லை என்று ஒதுக்கிய லாரி டியூப்கள் கிடைக்கும். முதலில் சோப்பு நீரில் கழுவி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியை முழுவதுமாக அகற்றுங்கள். வால்வு இருக்கும் பகுதியையும் ஒட்டுப்போட்ட இடங்களையும் தவிர்த்து, இரண்டு அங்குல அகலத்தில் நீளவாக்கில் பட்டை வெட்டுங்கள். ஓரத்தில் சிறு வெட்டோ பிசிறோ இருந்தால், கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே கத்தரிக்கோலை நிறுத்தி நிறுத்தி நகர்த்தாமல், முழு வாயும் திறந்து ஒரே ஓட்டமாக வெட்டப் பழகுங்கள்.

பட்டையைத் தளர்வாக அடித்தால் ஒரே மாதத்தில் இருக்கை தொட்டிலாகிவிடும்; மிக இழுத்து அடித்தால் ரப்பர் களைத்துவிடும். பத்தில் ஒரு பங்கு இழுவை போதும். அதாவது 20 அங்குல இடைவெளிக்கு 18 அங்குலப் பட்டை. முன்பின்னாக முதலில் அடித்து, பிறகு குறுக்குப் பட்டைகளை ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகப் பாய் முடைவதுபோல் நுழையுங்கள். பட்டைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

5 ஜூன் 2023

மேலே எழுதியதில் ஒரு பிழை. 18 அங்குலம் என்பது ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே நிற்க வேண்டிய நீளம். பட்டையின் இரு முனைகளையும் மடித்து அடிக்க ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் வேண்டும் என்பதைக் கூட்ட மறந்துவிட்டேன். ஆகவே 20 அங்குல இடைவெளிக்கு வெட்ட வேண்டிய பட்டையும் 20 அங்குலமே. மடிக்காமல் ஒற்றையாக அடித்தால் ஆணி ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நேற்று இரவே யாரும் வெட்டியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்று, இருசக்கர வண்டி டியூப் மெல்லியது. அது பத்தில் ஒரு பங்கு இழுவையில் நிற்காது. முதுகுப் பகுதிக்கு அதைப் பயன்படுத்தலாம். உட்காரும் பகுதிக்கு லாரி டியூபே வேண்டும்.

9 ஜூன் 2023

இப்போது அந்த மெத்தை. வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் தையல் ஓரங்களையும் லேபிளின் அடியையும் விரித்துப் பாருங்கள். மைப் புள்ளி வைத்ததுபோல் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். வெயிலில் போட்டால் போய்விடும் என்பார்கள். மூட்டைப்பூச்சி சாக ஏறத்தாழ 50 பாகை வெப்பம் வேண்டும். வெயில் படுகிற மேற்பரப்பு அந்தச் சூட்டை அடைந்தாலும் ஐந்து அங்குலத்துக்குக் கீழே அடையாது, பூச்சி நகர்ந்து நிழற்பக்கம் போய்விடும். பொட்டு இருந்தால் மெத்தையைக் கைவிடுங்கள். இதில் நான் யாருக்கும் விலக்குச் சொல்லமாட்டேன்.

11 ஜூன் 2023

பொட்டு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அடுத்தது, அந்த ஃபோம் உட்காரத் தாங்குமா என்பது. கையால் அழுத்திப் பார்ப்பது முழுச் சோதனை ஆகாது. எடை போட்டால் தெரிந்துவிடும். குஷன் கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடையை, கிலோவில். ஆறடிக்கு மூன்றடி, ஐந்து அங்குலக் கனம் என்றால் மெத்தையின் கொள்ளளவு ஏழரைக் கன அடி, அதாவது 0.21 கன மீட்டருக்குச் சற்று மேல். துணியுறையைக் கழற்றிவிட்டு ஃபோமை மட்டும் சுருட்டிக் கட்டித் தராசில் தூக்குங்கள். ஏழு கிலோவை ஒட்டி நின்றால் அது 32 டென்சிட்டி. எட்டரை கிலோ என்றால் 40. ஐந்து கிலோகூட வரவில்லை என்றால் அது உட்காரும் பகுதிக்கு ஆகாது. இரண்டு மாதத்தில் பள்ளம் விழும். அதை முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடை சரியாக இருந்தாலும் ஃபோம் முதிர்ந்திருக்கலாம். ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் பொடியாக உதிர்ந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

18 ஜூன் 2023

நான்கரை கிலோதான் வந்தது என்கிறீர்கள். அப்படியானால் ஃபோமை முதன்மையாக நம்புவதை விட்டுவிடுவோம். நான் முதல் நாளே சொல்ல விரும்பி, ப்ளைவுட் பேச்சில் தள்ளிப்போட்ட செய்தி இதுதான்: நம் மாவட்டத்தில் இருக்கைக்குள் நிரப்ப மிகச் சிறந்த பொருள் தும்பு, அதாவது தேங்காய் நார். அதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

என் அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் ராட்டில் கயிறு திரித்தவர். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, உப்பங்கழியில் ஆறு மாதமும் அதற்கு மேலும் ஊறப்போட்டு, எடுத்துக் கட்டையால் அடித்து, தும்பைப் பிரித்து உலர்த்துகிற வேலையை நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் நாள்தோறும் பார்த்து வளர்ந்தேன். அத்தனை மாதம் நீரில் கிடந்தும் அழுகாமல் வருவதற்குக் காரணம், தும்பில் லிக்னின் என்கிற மரச்சத்து ஏறத்தாழ 40 விழுக்காடு இருப்பது. பஞ்சிலோ சணலிலோ அவ்வளவு கிடையாது. ஈரக்காற்றில் நிற்க வேண்டிய இருக்கைக்கு இதைவிடப் பொருத்தமான நார் நம் கைக்கெட்டும் தூரத்தில் வேறில்லை.

ஆனால் நேர்நாராக இருக்கும் தும்பை அப்படியே அடைத்தால் அது தரையில் கொட்டிய வைக்கோல் போல அமுங்கி, பிறகு எழாது. நாரில் சுருள் இருக்க வேண்டும், சுருள்தான் வில். மேலைநாட்டுப் பழைய குஷன் தொழிலில் குதிரை மயிரைக் கயிறாக முறுக்கி, நீராவியில் வேகவைத்து, உலரவிட்டு, பிறகு பிரித்துப் பயன்படுத்தினார்கள். முறுக்கிய வடிவத்தை மயிர் மறக்காது, பிரித்த பிறகும் சுருண்டே நிற்கும். அதைப் பற்றி அறிந்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் கிணற்றடியில் கிடந்த பழைய கயிறு. பல ஆண்டுகளாக முறுக்கிக் கிடந்து, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, அந்த வேலையை அது தானாகவே முடித்து வைத்திருக்கிறது. ஒரு முழத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாரும் சுருள்வில் மாதிரித் துள்ளி நிற்கும்.

ஆகவே கிணற்றுக் கயிறு, மாடு கட்டிய கயிறு, பந்தல் கட்டிய கயிறு, கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையின் பழைய கயிறு என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். அறுந்தது, நைந்தது என்று வீசுவதெல்லாம் நமக்கு ஆகும். தென்னங்கயிறாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நைலான் கயிறு இதற்கு உதவாது.

19 ஜூன் 2023

எவ்வளவு வேண்டும் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். இருபதுக்கு இருபது அங்குல இருக்கை ஒன்றுக்கு எனக்குப் பிரித்த தும்பு ஒன்றே கால் கிலோ பிடித்தது. தளர்வாகக் குவிக்கும்போது ஆறு அங்குல உயரம் இருக்கும். தைத்து முடிக்கும்போது மூன்றாகும். பிரிப்பதற்குத்தான் பொழுது போகும். மாலையில் மூவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே பிரித்தால் ஓர் இருக்கைக்குரியது இரண்டு நாளில் முடியும்.

27 ஜூன் 2023

தும்பு வைக்கும் முறையை விரிவாக எழுதுகிறேன், இதில் அவசரப்பட்டால் பின்னால் திருத்த முடியாது.

டியூப் பின்னலின் மேல் சணல் சாக்கை இரட்டையாக மடித்து, இழுத்து, நான்கு பக்கமும் அடியுங்கள். அரிசி வருகிற பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். அதில் தையல் நிற்பதில்லை, தும்பும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு கோணி ஊசியில் சணல் நூலைக் கோத்து, சாக்கின் மேற்பரப்பில் கைப்பிடி அளவுக்குத் தளர்ந்த வளையங்களாக வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் ஒரு பிடி தும்பைச் செருக வேண்டும். இந்த வளையங்கள்தான் நார் ஒரு மூலைக்கு ஒதுங்காமல் காக்கின்றன. முதல் வரிசை முழுவதும் செருகிய பிறகு, இடைவெளிகளில் மேலும் தும்பை விரல்களால் கோதிக் கோதி நிரப்புங்கள். உள்ளங்கையை வைத்து அழுத்தும்போது எந்த இடத்திலும் கட்டியோ குழியோ தட்டுப்படக் கூடாது. ஓரங்களில், குறிப்பாகத் தொடை படுகிற முன் ஓரத்தில், நடுவைவிடச் சற்று அதிகமாக வையுங்கள், ஏனென்றால் எழும்போது முழுப் பாரமும் அங்கேதான் இறங்கும்.

அதன் மேல் இன்னொரு சாக்கைப் போர்த்தி, அடியிலுள்ள சாக்கோடு சேர்த்து ஊடுருவித் தையுங்கள். உங்களிடமுள்ள ஃபோமை இரண்டு அங்குலக் கனமாக அறுத்து இதன் மேல் வைத்துக்கொள்ளலாம். பாரத்தைத் தாங்குவது தும்பும் டியூபும். ஃபோம் மென்மைக்கு மட்டும். அந்த வேலைக்கு நான்கரை கிலோ மெத்தையே போதும்.

அடிப்பக்கத்தைப் பலகையாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடாதீர்கள். தூசி விழாமலிருக்கப் பழைய கொசுவலைத் துணியை அடித்தால் போதும்.

2 ஜூலை 2023

கயிறு பற்றி எழுதியதில் மிக முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், அதைச் சுட்டிக்காட்டிய மணக்குடி வாசகருக்கு நன்றி. உப்பங்கழியில் ஊறிய தும்பில் உப்பு இருக்கும். கடலில் கிடந்த கரமடிக் கயிற்றில் அதைவிட அதிகமாக இருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கழுவாத தும்பை அடைத்தால், காற்றோட்டத்துக்காக நாம் செய்த அத்தனை ஏற்பாடும் வீணாகும். கயிற்றைப் பிரிப்பதற்கு முன், முறுக்கோடு இருக்கும்போதே, மழைநீரிலோ கிணற்று நீரிலோ ஓர் இரவு ஊறவைத்து நீரை மாற்றி மாற்றி மூன்று முறை அலசுங்கள். நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரிப்பது நிற்கும் வரை அலசுவது என் வழக்கம். நன்றாக உலர்ந்த பிறகே பிரியுங்கள். ஈரத்தோடு பிரித்தால் சுருள் போய்விடும்.

14 ஜூலை 2023

குலசேகரத்திலிருந்து ஒருவர், தோட்டத்தில் ரப்பர் பால் கிடைக்கிறது, அதைத் தும்பின் மேல் ஊற்றிவிட்டால் கடையில் விற்கிற ரப்பர் தும்பு மெத்தை மாதிரி ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. கடற்கரையில் தும்பும் மலையோரத்தில் ரப்பரும் விளைகிற மாவட்டத்தில் இது தோன்றாமலிருந்தால்தான் வியப்பு. எனக்கும் தோன்றியது, 2014-இல் செய்து பார்த்தேன்.

மரத்திலிருந்து இறக்கிய பாலில் ரப்பர் 30 முதல் 40 விழுக்காடுதான், மீதியில் பெரும்பகுதி நீர். சில மணி நேரத்தில் அது தானாகவே திரளத் தொடங்கிவிடும். அம்மோனியா கலந்தால்தான் தாங்கும். ஊற்றிய பால் தும்பின் மேல் படலமாகக் காய்ந்தது, முதலில் நன்றாகவே இருந்தது. மாசி பங்குனி வெயிலில் அது பிசுபிசுத்துப் போயிற்று, நாற்றமும் அடித்தது. ஆலையில் பாலைச் செறிவாக்கி 60 விழுக்காடு ரப்பருக்குக் கொண்டுவந்து, கந்தகமும் மற்ற வேதிப்பொருள்களும் சேர்த்துத் தும்பின் மேல் தெளித்து, சூட்டில் பதப்படுத்துகிறார்கள். கந்தகமும் சூடும் சேர்ந்தால்தான் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிற்கும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த பிறகே ரப்பர் உலகெங்கும் பயன்பட்டது. அதை வீட்டு முற்றத்தில் செய்ய இயலாது.

அதற்குப் பதிலாக, பழைய ரப்பர் தும்பு மெத்தை எங்கேனும் கழிக்கப்பட்டால் விடாதீர்கள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தாலும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உள்ள பகுதி நன்றாக இருக்கும். ரொட்டி அறுக்கும் பற்கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுத்தால் ஒழுங்காக வரும்.

6 ஆகஸ்ட் 2023

முட்டத்திலிருந்து வந்த கேள்வி: கிழிந்த மீன்வலையை உள்ளே அடைக்கலாமா?

அடைத்துப் பார்த்தேன், ஒரு முக்காலியில். வலை ஒன்றோடொன்று சிக்கித் தேங்காய் அளவுக் கட்டிகளாகிவிட்டது, உட்கார முடியவில்லை. ஆனால் வலைக்கு வேறொரு பயன் உண்டு. தையற்கடைகளில் கிடைக்கும் துண்டுத் துணிகளை அடைத்து உருளைத் திண்டு செய்யும்போது, துணிகளை முதலில் வலைப்பையில் இறுக்கிக் கட்டி, அதன் மேல் உறை போட்டால் திண்டு வடிவம் குலைவதில்லை. துவைக்க வேண்டுமென்றால் பையை அப்படியே உருவிக் காயவைக்கலாம். நைலான் வலை நாட்பட வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். ஆகவே கூரை மேல் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததை எடுக்காதீர்கள்.

துண்டுத் துணியை உட்காரும் பகுதிக்கு வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கனக்கும், கெட்டிப்படும், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

20 ஆகஸ்ட் 2023

பழைய தலையணைகளின் இலவம் பஞ்சு பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இலவம் இழை உள்ளே குழாய்போல் வெறுமையானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது, நீரை எளிதில் ஏற்காது. ஒரு காலத்தில் உயிர்காப்பு மேலாடைகளில் அதை அடைத்தார்கள். ஈரக்காற்றுள்ள ஊருக்கு நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு வில் கிடையாது, ஆள் உட்கார்ந்தால் நசுங்கும். முதுகுக்கும் கைக்கும் வைக்கிற திண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்து வெயிலில் உலர்த்தி, குச்சியால் மெல்ல அடித்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நிரப்புங்கள்.

அதோடு தீயை மறக்கக் கூடாது. இலவமும் தீப்பற்றும், ஃபோமும் பற்றும். ஃபோம் எரியும்போது வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். 1979 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு பெரிய கடையின் மரச்சாமான் பிரிவில் பற்றிய தீயில் 10 பேர் இறந்தார்கள். ஃபோம் இருக்கைகளின் தீப்பாதுகாப்புக்கு அந்த நாடு 1988-இல் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. நாம் வீட்டில் செய்கிற இருக்கைக்கு யாரும் சோதனை செய்து சான்று தரமாட்டார்கள். குத்துவிளக்கு, கொசுவர்த்திச் சுருள், இஸ்திரிப் பெட்டி எதையும் அதன் அருகே வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் கொசுவர்த்தி இப்போது திண்ணையில் மட்டும்தான்.

10 செப்டம்பர் 2023

சேலை உறை பற்றி: பருத்திச் சேலையைத் தனியாகப் போட்டால் ஓர் ஆண்டு நிற்காது. பலமுறை துவைத்த சேலையில் மடிப்பு விழுந்த கோடுகள் ஏற்கனவே நைந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை தெரிகிற இடங்களை ஒதுக்கிவிடுங்கள். பழைய படுக்கை விரிப்பை அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்து இரண்டு விரற்கடைக்கு ஒன்றாக ஓட்டுத்தையல் போட்ட பிறகு உறை வெட்டுங்கள். என் அம்மாவின் சேலைகள் இரண்டு அப்படி ஒன்பது ஆண்டுகளாக நிற்கின்றன.

உறையைச் சட்டத்தில் ஆணியடித்து நிலையாகப் பொருத்த வேண்டாம். அடியில் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி செய்தால் மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துவைக்கலாம், அப்போது உள்ளேயும் ஒரு நாள் காற்றாடும். ரெக்சினை நான் 2009-க்குப் பிறகு தொடவில்லை.

29 அக்டோபர் 2023

பெட்டிப் பலகையில் சட்டம் செய்ய விரும்புகிறவர்களுக்கு. வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வருகிற அடிப்பலகைகளில் முத்திரை இருக்கும். அதில் ஹெச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்பட்டது என்று பொருள், அதைப் பயன்படுத்தலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்கிற நச்சு வாயுவில் பூச்சி கொன்றது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ரப்பர் மரத்தைப் பற்றி என் பட்டறிவு கசப்பானது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் மாவட்டம் முழுவதும் ரப்பர் மரங்கள் சாய்ந்தபோது மரம் மலிவாகக் கிடைத்தது. பதப்படுத்தாமலேயே இரண்டு முக்காலிகளுக்குச் சட்டம் அறுத்தேன். 2019-இல் தரையில் மாவு தெளித்ததுபோல் தூள் விழத் தொடங்கியது. துளைப்பூச்சி சட்டத்தை உள்ளேயே தின்றிருந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்தவுடன் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்திய பலகையானால் அச்சமில்லை. தக்கலைத் தம்பிக்கு இந்தக் கவலையே கிடையாது; அயனி அயனிதான்.

20 டிசம்பர் 2023

17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் நான்கு நாளாகச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. இதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்று 2015-இல் செய்த இருக்கையை இன்று கவிழ்த்துப் பார்த்தேன். தும்பு உலர்ந்தே இருக்கிறது, வாடை இல்லை. டியூப் பட்டைகளில் ஒன்று மட்டும் ஓரத்தில் வெடித்திருக்கிறது.

ஆனால் ஆணிகள்! இரும்பு ஆணி அடித்த இடமெல்லாம் சாக்கில் துருக்கறை படர்ந்து, கறை பட்ட இடத்தில் சாக்கு விரல் பட்டதும் பொடிகிறது. முன்பக்கத்தில் மட்டும் அன்று கையிருப்பில் இருந்த துருப்பிடிக்காத எஃகு பின்களை அடித்திருந்தேன். அங்கே சாக்கு புதிது போல் இருக்கிறது. ஆணியைப் பற்றி இந்தத் தொடரில் நான் எதையும் குறிப்பிட்டுச் சொல்லாதது பெரிய குறை. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு பின்னோ பித்தளை ஆணியோ பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் கழிவிலிருந்து எடுக்கலாம். ஆணியை மட்டும் காசு கொடுத்து நல்லதாக வாங்குங்கள். ஏற்கனவே இரும்பு அடித்துவிட்டவர்கள் வரும் கோடைக்குள் பிடுங்கி மாற்றிவிடுங்கள்.

28 ஜனவரி 2024

தக்கலைத் தம்பியின் இருக்கை முடிந்துவிட்டது. மூவர் உட்கார்ந்தும் பட்டை தாழவில்லை என்று எழுதியிருக்கிறார். ஒரே குறை, அவருடைய பாட்டி உட்கார்ந்தால் எழ முடியவில்லையாம்.

இதற்கு நான்தான் பொறுப்பு. உயரத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. ஆள் உட்கார்ந்த பிறகு, அமுங்கிய நிலையில், தரையிலிருந்து 17 அல்லது 18 அங்குலம் இருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 19 கூட நல்லது. நம் இருக்கையில் டியூபும் தும்பும் சேர்ந்து இரண்டு அங்குலம் இறங்கும். பழைய பிரம்புச் சட்டங்கள் பெரும்பாலும் 15, 16 அங்குல உயரத்தில் இருக்கும், ஏனென்றால் பிரம்பு இறங்காது. மெத்தையின் கனத்தைக் கூட்டி உயர்த்த முயல வேண்டாம், இன்னும் ஆழமாகத்தான் புதையும். காலின் அடியில் கட்டை கொடுங்கள். சட்டத்தின் ஆழம் 22 அங்குலத்துக்கு மேல் இருந்தால் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஓர் இலவம் திண்டும் வேண்டும். ஆழமான இருக்கையில் பின்னால் போய்ச் சாய்ந்து உட்காருகிறவர்கள் எழும்போது சிரமப்படுவார்கள்.

11 பிப்ரவரி 2024

நான்கு கால்களுக்கும் அயனிக் கட்டை வைத்து இரண்டரை அங்குலம் உயர்த்திவிட்டதாகவும், பாட்டி இப்போது கைப்பிடியைப் பிடிக்காமலேயே எழுவதாகவும் செய்தி வந்திருக்கிறது. கட்டையும் மச்சில் கிடந்த பழைய கதவு நிலையிலிருந்து அறுத்ததாம்.

இங்கே அம்மா, 2015 இருக்கையின் வெடித்த பட்டையை நான் மாற்றி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, பின்கட்டிலிருந்து ஒரு சுருள் கயிற்றைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் பழைய கிணற்றை மூடியபோது கழற்றியது, அவர் திரித்தது. நேற்று இரவு ஊறப்போட்டிருக்கிறேன். இரண்டு தண்ணீர் மாற்றியாயிற்று, இன்னும் ஒரு தண்ணீர் வேண்டும்.